அறைக்கு எத்தனை டன் ஏசி? சதுர அடியைத் தாண்டி ஒரு கணக்கு

ஏசி வாங்கப் போகும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இத்தனை சதுர அடி அறைக்கு எத்தனை டன் போடலாம்?" என்பதுதான். விற்பவரும் சதுர அடியை மட்டும் கேட்டுக்கொண்டு ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். அது சரியாக அமைந்தால் நம் அதிர்ஷ்டம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், 150 சதுர அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மிதமான தட்பவெப்பம், இன்சுலேஷன் (வெப்பத்தடுப்பு) செய்த சுவர், தாழ்வான கூரை உள்ள வீடுகளுக்காகப் போட்ட அட்டவணையைப் பார்த்தால் 5,000 அல்லது 6,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) போதும் என்று இருக்கும். வெயில் கொளுத்தும் ஊர்களில் ஏசி மாட்டுபவரைக் கேட்டால் அதே அறைக்கு ஒன்றரை டன், அதாவது 18,000 பி.டி.யு. என்பார். மூன்று மடங்கு வித்தியாசம்! இருவருமே பொய் சொல்லவில்லை. தரையின் அளவு ஒன்றுதான், ஆனால் அறைக்குள் நுழையும் வெப்பம் வேறு. அந்த வெப்பத்தை நாமே தோராயமாகக் கணக்கிட முடியும். ஓர் அளவு டேப், ஒரு தாள், கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

அலகுகளை முடித்துக்கொண்டு வருவோம்

டன் என்பது ஏசியின் எடை அல்ல. ஓர் அமெரிக்க டன் (சுமார் 907 கிலோ) பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்க எவ்வளவு வெப்பம் தேவையோ, அந்த வேகத்தில் அறையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றும் திறன்தான் ஒரு டன். ஐஸ் கட்டிகளை அடுக்கிக் குளிர்வித்த காலத்திலிருந்து வந்த அளவு இது. ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு.; வாட்டில் சொன்னால் ஏறத்தாழ 3,500. சில நாடுகளில் ஹெச்.பி. (குதிரைத்திறன்) கணக்கில் விற்பார்கள். அங்கே 1 ஹெச்.பி. என்பது நடைமுறையில் சுமார் 9,000 பி.டி.யு.

நான் இங்கே வாட்டில்தான் கணக்குப் போடப்போகிறேன். பல்பு, டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் வாட்டில்தான் இருக்கின்றன, கூட்டிக்கொள்ள வசதி. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 5,000 வாட் குளிரூட்டும் திறன் உள்ள ஏசி, கரண்டில் 5,000 வாட் இழுக்காது. சுமார் 1,500 வாட் இழுத்துக்கொண்டு 5,000 வாட் வெப்பத்தை வெளியே தள்ளும். அது வெப்பத்தை உள்ளிருந்து வெளியே இடம் மாற்றுகிறதே தவிர, குளிரை உற்பத்தி செய்வதில்லை.

அறைக் காற்றைக் குளிர்விப்பது சுலபம்

4 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறை. இது கிட்டத்தட்ட 155 சதுர அடி. இதற்குள் இருக்கும் காற்றின் எடை ஏறக்குறைய 52 கிலோ. அந்தக் காற்றை மட்டும் 10 டிகிரி குறைக்க ஒரு டன் ஏசிக்கு இரண்டரை நிமிடம் போதும்.

ஆனால் எந்த ஏசியும் இரண்டரை நிமிடத்தில் அறையைக் குளிர்வித்ததில்லை. காரணம், சுவரும் தளமும் கட்டிலும் மெத்தையும் பீரோவும் பகல் முழுக்க வாங்கி வைத்த சூட்டைக் காற்றுக்குள் விட்டபடியே இருக்கின்றன. ஏசி ஓடும்போதே கூரையும் ஜன்னலும் புதிது புதிதாகச் சூட்டை உள்ளே அனுப்புகின்றன. ஆகவே ஏசியின் அளவு, உச்சி வெயில் நாளில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சூடு உள்ளே வருகிறதோ அதைப் பொறுத்தது. கீழே நாம் தேடப்போவதும் அந்தச் சூடு வரும் வழிகளைத்தான்.

இதற்கு மாலை ஐந்து, ஆறு மணிக்கு அறையில் ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மேற்குச் சுவர் இளஞ்சூடாக இருக்கும், கிழக்குச் சுவர் அந்நேரம் ஆறியிருக்கும். ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையைத் தொட்டால், மேலே மொட்டை மாடியா இன்னொரு வீடா என்பது கையிலேயே தெரிந்துவிடும். எண்களைப் போடுவதற்கு முன் இதைச் செய்தால், எந்த வரியில் பெரிய தொகை வரும் என்பது முன்கூட்டியே புரியும்.

படி 1: கூரை

அளவெடுத்து எழுதியாயிற்றா? சரி, முதலில் கூரை. மேலே வெயில் படும் வெறும் கான்கிரீட் தளம் என்றால், கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 75 வாட் போடுங்கள். தளத்தின் மேல் இன்சுலேஷன் இருந்தாலோ, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு நல்ல நிலையில் இருந்தாலோ 30 வாட். மேலே இன்னொரு வீடோ அறையோ இருந்தால் 10 வாட் போதும். இந்த எண்களும் அடுத்து வருபவையும், வெளியே 38 டிகிரி, உள்ளே 25 டிகிரி என்று வைத்துப் போட்ட தோராயக் கைக்கணக்குதான். அறைக்கு ஏசி வாங்க இந்தத் துல்லியம் போதும். பெரிய ஹால், மண்டபம் என்றால் பொறியாளரை வைத்துக் கணக்கிடுவதுதான் முறை.

நம் எடுத்துக்காட்டு அறை மேல்மாடியில் இருக்கிறது என்று வைப்போம். 14.4 சதுர மீட்டர், பெருக்கல் 75. வருவது 1,080 வாட். கூரை மட்டுமே கால் டன்னைத் தாண்டிவிட்டது.

கான்கிரீட் தளத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. நண்பகலில் வாங்கிய சூட்டை உடனே கீழே விடாது. மெதுவாக, பல மணி நேரம் கழித்துத்தான் விடும். இரவு பத்து மணிக்கு வெளியே காற்று ஆறிய பிறகும் மேல்மாடி அறை வெந்துகொண்டிருப்பது இதனால்தான். "ராத்திரி மட்டும்தானே போடப்போகிறோம், சின்னது போதும்" என்ற வாதம் மேல்மாடியில் எடுபடாது.

படி 2: சுவர்கள்

மேற்கு வெயில் வாங்கும் வெளிச்சுவருக்குச் சதுர மீட்டருக்கு 40 வாட். மற்ற வெளிச்சுவர்களுக்கு 25. ஏசி இல்லாத பக்கத்து அறையோடு ஒட்டிய சுவருக்கு 10. பக்கத்து அறையிலும் ஏசி ஓடும் என்றால் ஒன்றும் போட வேண்டாம். இவை இன்சுலேஷன் இல்லாத செங்கல் சுவருக்கான எண்கள்.

நம் அறையில் மேற்குச் சுவர் ஜன்னல் போக 10.5 சதுர மீட்டர்: 420 வாட். வடக்கு வெளிச்சுவர் 10.8 சதுர மீட்டர்: 270 வாட். மற்ற இரண்டும் உள்சுவர்கள்: சேர்த்து 230 வாட்.

படி 3: கண்ணாடி

பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மாலை வெயில் நேரே விழும் சாதாரணக் கண்ணாடி, சதுர மீட்டருக்கு 550 வாட் வரை வெப்பத்தை உள்ளே விடும். மேற்குச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 40 வாட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பதின்மூன்று மடங்குக்கும் மேல்! நிழலில் இருக்கும் கண்ணாடிக்கு 150 வாட் போதும்.

நம் அறையில் மேற்கே 1.5 சதுர மீட்டர் ஜன்னல். வெயில் நேரே விழுந்தால் 825 வாட். அதாவது ஒரே ஒரு ஜன்னல், ஏழு பேர் அறையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

திரைச்சீலை போட்டிருக்கிறோமே என்பீர்கள். உள்ளே போடும் திரை ஓரளவுக்குத்தான் உதவும். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து திரையைச் சுட வைக்கிறது, அந்தச் சூடு பிறகு அறைக்குள்தான் இறங்கும். தடுப்பது என்றால் கண்ணாடிக்கு வெளியே தடுக்க வேண்டும். அகலமான சன்ஷேட், வெளிப்பக்கம் தொங்கும் மூங்கில் தட்டி, ஜன்னலுக்கு நேரே ஒரு மரம், எதுவானாலும் சரி. கிழக்கு ஜன்னலுக்கும் காலையில் இதே கதைதான் என்றாலும், அந்நேரம் வெளிக்காற்று அவ்வளவு சூடாக இருக்காது. மேற்குதான் மோசம்.

படி 4: ஆட்களும் சாதனங்களும்

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் வியர்வை ஈரத்தையும் சேர்த்து 100 முதல் 120 வாட் வெப்பம் விடும். ஆளுக்கு 120 என்று போடுங்கள். எப்போதோ ஒருநாள் வரும் விருந்தாளிகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வழக்கமாக அறையில் இருப்பவர்கள் மட்டும்.

சாதனங்களுக்கு அவற்றின் வாட்டையே அப்படியே எழுதலாம். அறைக்குள் செலவாகும் கரண்ட் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் முடிகிறது. டிவி, லைட், ஃபேன் எல்லாம் சேர்ந்து 200 வாட் என்று வைப்போம். விளையாட்டுக்கென்று வாங்கிய பெரிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் அதுவே 400, 500 வாட் சேர்க்கும்; படிக்கும் அறைக்கு ஏசி பார்ப்பவர்கள் இதை மறக்கிறார்கள். ஃப்ரிட்ஜ் அந்த அறையில் இருந்தால் 100 வாட் எழுதிக்கொள்ளுங்கள். சமையல் இடமும் ஹாலும் தடுப்பில்லாமல் ஒன்றாக இருந்தால் 1,200 வாட் கூடுதலாகப் போட வேண்டியதுதான்.

படி 5: இடுக்குகள்

சாதாரணமாக மூடிய அறைக்குக் கதவு, ஜன்னல் இடுக்கு வழியாக வரும் காற்றுக்கு 300 வாட் போடலாம். ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் கணக்கே மாறும். மணிக்கு 200 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும் ஃபேன், அதே அளவு வெளிக்காற்றை ஏதோ ஓர் இடுக்கு வழியாக உள்ளே இழுக்கும். வெளியே 10 டிகிரி கூடுதல் சூடு என்றால் அது மட்டும் கிட்டத்தட்ட 700 வாட். ஈரத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஒட்டிய குளியலறையில் ஃபேனை ஓடவிட்டு, நடுக்கதவைத் திறந்தே வைத்திருப்பவர்கள் டன் கூட்டுவதைவிடக் கதவைச் சாத்தப் பழகுவது நல்லது.

படி 6: கூட்டுவோம்

கூரை 1,080. சுவர்கள் 920. கண்ணாடி 825. இரண்டு பேர் 240. சாதனங்கள் 200. இடுக்கு 300. மொத்தம் 3,565 வாட்.

இதன் மேல் 15 சதவீதம் சேர்க்கலாம். முதல் அரை மணி நேரம் சுவர், மெத்தையில் தேங்கிய சூட்டை இறக்க வேண்டும்; வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஏசியின் திறனும் குறையும். அதற்குத்தான் இந்த உபரி. அதற்கு மேல் கூட்டாதீர்கள். கூரை, கண்ணாடி, சுவர் எல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை என்பதால், கணக்கில் ஏற்கெனவே கொஞ்சம் இடம் இருக்கிறது.

15 சதவீதம் சேர்த்தால் 4,100 வாட். 3,500-ஆல் வகுத்தால் சுமார் 1.17 டன். ஒரு டன் போதாது, ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் வகை) சரி.

இப்போது அதே அறையில் மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி போட்டுப் பாருங்கள். கண்ணாடிக் கணக்கு 825-இலிருந்து 225 ஆகும். மொத்தம் 2,965, உபரி சேர்த்து 3,410. ஒரு டன் மட்டுமட்டாகப் போதும்! அல்லது தட்டி இல்லாமல், அதே அறை நடுமாடியில் இருந்தால்? கூரை 1,080-க்குப் பதில் 144. உபரியோடு 3,020 வாட். அப்போதும் ஒரு டன்தான். தரை ஓர் அங்குலம்கூட மாறவில்லை, ஆனால் ஏசி அரை டன் குறைந்துவிட்டது. தட்டிக்கு ஒருமுறை செலவு செய்வதா, ஒவ்வொரு கோடையிலும் கரண்ட் பில்லில் கட்டுவதா என்று யோசிப்பவர்கள் தட்டியையே தேர்ந்தெடுப்பார்கள் என்பது என் எண்ணம்.

"எதற்கும் இருக்கட்டும், ஒரு சைஸ் பெரிசா"

விற்பவர் சொல்லாவிட்டாலும் வீட்டில் யாராவது இதைச் சொல்வார்கள். பெரிய ஏசி சீக்கிரம் குளிர்விக்கும் என்பது உண்மை. சிக்கல் அதற்குப் பிறகு.

ஏசி செய்யும் வேலையில் ஒரு முக்கியப் பங்கு, காற்றிலிருந்து ஈரத்தை எடுப்பது. சொல்லப்போனால் 1902-இல் வில்லிஸ் கேரியர் நவீன ஏசியை வடிவமைத்ததே ஓர் அச்சகத்தில் காகிதத்தைப் பாழாக்கிய ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தத்தான். ஆட்களைக் குளிர்விக்க அல்ல. ஏசிக்குள் இருக்கும் காயில் (குழாய்ச் சுருள்) நன்றாகக் குளிர்ந்து, அதன் மேல் நீர் முத்து முத்தாகக் கோத்து, தட்டில் வழிந்து, குழாய் வழியாக வெளியே சொட்டச் சில நிமிடங்கள் ஆகும். தேவைக்கு மேல் பெரிய ஏசி, அந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே காற்றைக் குளிர்வித்துவிட்டு கம்ப்ரஸரை நிறுத்திவிடும். ஃபேன் மட்டும் ஓடும். காயிலில் கோத்த நீர் சொட்டாமல் திரும்ப ஆவியாகி அறைக்கே வந்துவிடும். விளைவு: ரிமோட்டில் 23 என்று காட்டும், உடம்பு பிசுபிசுக்கும். புழுக்கம் போகவில்லை என்று இன்னும் குறைத்து 20 வைப்பீர்கள். விடிகாலையில் குளிரும், ஆனாலும் படுக்கை ஈரமாகவே இருக்கும்.

சரியான அளவுள்ள ஒரு டன் ஏசி, ஈரமான நாளில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் எடுக்கும். ஒரு லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிரிப்பதற்கே கிட்டத்தட்ட 680 வாட் திறன் ஒரு மணி நேரம் செலவாகிறது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இந்த வரிதான் முக்கியம். அங்கே இடுக்குக் கணக்கை 300-க்குப் பதில் 500 என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஏசியைக் கண்மூடித்தனமாகப் பெரிதாக்கக் கூடாது.

இன்வெர்ட்டர் வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் மேலே 1.17 டன் தேவைக்கு ஒன்றரை டன் இன்வெர்ட்டர் என்று துணிந்து சொல்ல முடிந்தது. ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. சிறிய அறைக்கு இரண்டு டன் இன்வெர்ட்டர் போட்டால், எவ்வளவு வேகம் குறைத்தாலும் அதிகம்தான் என்று அதுவும் நின்று நின்று ஓடும்.

சிறியதாகப் போய்விட்டால் என்ன ஆகும்? கொளுத்தும் நாட்களில் ஓயாமல் ஓடியும் 24-ஐத் தொடாது, 27-இல் நிற்கும். ஆனால் ஈரம் நன்றாக எடுத்திருக்கும், கூடவே ஃபேன் ஓடினால் 27 தாங்கக்கூடியதுதான். இன்வெர்ட்டர் அல்லாத ஏசியில் இரண்டு அளவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், வருடத்தில் சில நாட்கள் மட்டும் சற்றுப் போதாமல் போகும் சிறியதையே நான் எடுப்பேன். கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் வீட்டில் மட்டும் பெரியதன் பக்கம் சாயலாம்.

பெட்டியின் மேல் உள்ள எண்

கடைக்குப் போனால் டன்னைப் பார்க்காதீர்கள், லேபிளில் குளிரூட்டும் திறன் எத்தனை வாட் என்று பாருங்கள். ஒன்றரை டன் என்றால் கணக்குப்படி 5,270 வாட் இருக்க வேண்டும். ஆனால் 1.5 டன் என்ற பெயரோடு விற்கும் மாடல்களில் 5,000-க்கும் கீழே உள்ளவையும் உண்டு. அந்த வாட்டும் வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி என்ற நிலையில் சோதித்துப் போட்டது. வெளியே 46 டிகிரி அடிக்கும் ஊர் என்றால், அந்தச் சூட்டில் எவ்வளவு திறன் மிஞ்சும் என்று கேளுங்கள். சில மாடல்களின் விவரத்தாளில் அதைத் தனியாக அச்சிட்டிருப்பார்கள். ஸ்டார் எண்ணிக்கைக்கும் அளவுக்கும் சம்பந்தம் கிடையாது, அது கரண்ட் சிக்கனத்தைச் சொல்வது.

உருட்டிச் செல்லும் போர்ட்டபிள் ஏசி வாங்குபவர்களுக்குத் தனி எச்சரிக்கை. ஒரே குழாய் உள்ள வகை, சூடான காற்றை வெளியே ஊதுவதற்காக அறைக் காற்றையே எடுக்கிறது. அந்த இடத்தை நிரப்ப வெளிச் சூட்டுக்காற்று இடுக்கு வழியாக உள்ளே வரும். படி 5-இல் சொன்ன எக்ஸாஸ்ட் ஃபேனைப் போலவேதான். பெட்டியில் போட்ட பி.டி.யு.வை நம்பி எடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். இரட்டைக் குழாய் வகை பரவாயில்லை.

அப்புறம், நீளமான ஹால், 'எல்' வடிவ அறை, படிக்கட்டு திறந்திருக்கும் கூடம். இவற்றில் ஏசி எட்டும் இடம் வரை மொத்தத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு டன்னுக்கு மேல் வந்தால் ஒரு பெரிய யூனிட்டைவிட இரண்டு முனைகளில் இரண்டு சிறியவை மேல். காற்று பரவும், ஆள் குறைவான நேரத்தில் ஒன்றை அணைத்துவிடலாம்.

ஏற்கெனவே வாங்கியாயிற்றா?

வெயில் கடுமையான ஒரு மாலையில் 25 வைத்து, அறை குளிர்ந்து ஒரு மணி நேரம் கழித்து அவுட்டோர் யூனிட்டின் பக்கத்தில் போய் நில்லுங்கள். இன்வெர்ட்டர் அல்லாத ஏசியில் கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கால் மணி நேரம் போல நீடித்துச் சற்று ஓய்ந்தால் அளவு சரி. மூன்று, நான்கு நிமிடத்தில் நின்று நின்று கிளம்பினால் ஏசி பெரிது. ஃபேன் வேகத்தைக் குறைத்து, ட்ரை மோடில் (ஈரம் எடுக்கும் அமைப்பில்) போட்டு, வெப்பநிலையை 26-க்கு ஏற்றினால் புழுக்கம் ஓரளவு அடங்கும். நிற்காமல் ஓடியும் 25 எட்டவில்லை என்றால், ஏசி சிறிது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். அவுட்டோர் யூனிட் ஊதும் சூட்டுக்காற்று எதிர்ச்சுவரில் மோதி அதனிடமே திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி கட்டிவிட்டு, அடுத்த வெயில் நாளில் மறுபடி சோதியுங்கள்.